அறிக்கையை ஏ.ஐ. எழுதிவிட்டது, கையெழுத்து மட்டும் என்னுடையதா?

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பணிகளைக் கவனிக்கும் பிரிவில் உதவி மேலாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர். அதே கம்பெனியில் 7 ஆண்டு சர்வீஸ். கம்பெனியின் சி.எஸ்.ஆர். பட்ஜெட் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி. தலைமை அலுவலகம் போன ஆண்டு ஒரு ஏ.ஐ. மென்பொருள் வாங்கியது. தொண்டு நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கை, போட்டோ, பில் எல்லாவற்றையும் அதில் ஏற்றினால் ஆண்டறிக்கையே தயாராகி வந்துவிடுகிறது. மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலை இரண்டு நாளில் முடிகிறது. நான்கு பேர் இருந்த டீமில் ஒருவரின் ஒப்பந்தத்தை இந்த முறை புதுப்பிக்கவில்லை. 'அடுத்தது நான்தானோ' என்ற பயம்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். 12 அரசுப் பள்ளிகளில் வைத்துக் கொடுத்த ஆர்.ஓ. குடிநீர் இயந்திரங்கள் பற்றிய தாக்க அறிக்கையை, அதாவது திட்டத்தால் என்ன பலன் கிடைத்தது என்று சொல்லும் அறிக்கையை, ஏ.ஐ. எழுதியிருக்கிறது. பன்னிரண்டும் நன்றாக ஓடுகின்றன என்கிறது அறிக்கை. இரண்டு பள்ளிகளில் இயந்திரம் மாதக்கணக்கில் மூடிக் கிடப்பது அங்குள்ள சத்துணவு அமைப்பாளர் போனில் சொல்லி இவருக்குத் தெரியும். மேலாளரோ, 'ஃபீல்டுக்குப் போக நேரமில்லை, சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போடும்மா, பழுது என்று எழுதினால் கம்பெனிக்கு அபராதம் வரும்' என்கிறாராம். போட்டால் ஜெயிலா, போடாவிட்டால் வேலை போகுமா என்று கேட்கிறார். 2.5 லட்சம் கடன் வாங்கி டேட்டா சயின்ஸ் படிக்கலாமா, இ.எஸ்.ஜி. (கம்பெனியின் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பற்றிய பணி) பக்கம் மாறலாமா, என்.ஜி.ஓ.வுக்கே போய்விடலாமா என்றும் கேள்விகள். கூடவே தனக்குத்தானே ஓர் ஆறுதல்: 'இரண்டு சதவீதம் செலவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கும்வரை எங்கள் வேலைக்கு ஆபத்து இல்லை அல்லவா?'

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் நீங்கள் சொல்லிக்கொண்ட ஆறுதலில் இருந்தே தொடங்குகிறேன். அது பாதிதான் சரி.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். அதற்கு முன்பெல்லாம் இது ஹெச்.ஆர். மேனேஜர் ஓரமாகப் பார்த்துக்கொண்ட வேலை. பக்கத்து ஊர் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, பள்ளிக்கு நான்கு மின்விசிறி, அவ்வளவுதான். சட்டம் வந்த பிறகுதான் உங்களைப் போன்றவர்களுக்கு மேசையும் பதவியும் வந்தன. முதல் ஆண்டில் நாடு முழுக்கச் சுமார் 10,000 கோடியாக இருந்த செலவு 2022-23ல் கிட்டத்தட்ட 30,000 கோடி ஆகிவிட்டது.

ஆனால் சட்டம் காப்பாற்றுவது செலவைத்தான். ஆளை அல்ல. உங்கள் கம்பெனி 6 கோடியையும் ஒரே காசோலையில் பிரதமர் நிவாரண நிதிக்கு அனுப்பினாலும் சட்டப்படி கடமை முடிந்தது, அதற்கு ஒரு உதவி மேலாளர் தேவையில்லை.

அப்புறம் அந்த 5 சதவீத விதி. சி.எஸ்.ஆர். செலவில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் அதை உங்கள் வேலையோடு பொருத்திப் பார்த்திருக்க மாட்டீர்கள். 6 கோடியில் 5 சதவீதம் 30 லட்சம். சி.எஸ்.ஆர். பிரிவில் இருப்பவர்களின் சம்பளம், பயிற்சி, அலுவலகச் செலவு எல்லாம் பொதுவாக இந்த நிர்வாகக் கணக்கில்தான் போகும். ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று இல்லாமல் பிரிவு முழுவதற்கும் வாங்கிய மென்பொருளின் சந்தாவும் அங்கேதான் போய் உட்காரும். அதாவது அந்த ஏ.ஐ. சந்தாவும் உங்கள் சம்பளமும் ஒரே 30 லட்சத்துக்குள் இடம் பிடிக்க முண்டுகின்றன. கம்பெனி நினைத்தால் சம்பளத்தைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து தரலாம், தடையில்லை, சி.எஸ்.ஆர். என்று காட்டமுடியாது, அவ்வளவே. எத்தனை ஃபைனான்ஸ் தலைவர்கள் அப்படி மனசு வைப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். உங்கள் சக ஊழியரின் ஒப்பந்தம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று இதை வைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். அவர் வேலையில் குறை இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அந்தக் கையெழுத்து

மற்றதெல்லாம் ஆறு மாதம் காத்திருக்கும். இது காத்திருக்காது, மார்ச் முடிவதற்குள் உங்கள் மேசைக்கு மறுபடி வரும்.

முதலில் ஜெயில் பயம். சி.எஸ்.ஆர். தொகையைச் செலவிடாவிட்டால் சிறை என்று 2019ல் ஒரு திருத்தம் வந்தது உண்மை. எதிர்ப்பு கிளம்பியதால் அது நடைமுறைக்கே வரவில்லை. 2021 ஜனவரி முதல் இது வெறும் அபராத விவகாரம். செலவிடாத பணத்தை உரிய நிதிக்கோ, அதற்கென்று தனியாக வைக்கவேண்டிய வங்கிக் கணக்குக்கோ மாற்றாமல் விட்டால், அந்தத் தொகையைப் போல் இரு மடங்கு அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது கம்பெனிக்கு. பொறுப்பான அதிகாரிக்குத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது. பொறுப்பான அதிகாரி என்றால் பெரும்பாலும் இயக்குநர்கள், எம்.டி., சி.எஃப்.ஓ. (தலைமை நிதி அதிகாரி) போன்றவர்கள். உதவி மேலாளர் சாதாரணமாக அந்தப் பட்டியலில் வருவதில்லை.

இப்போது உங்கள் மேலாளர் சொன்னது. ஆர்.ஓ. பழுது என்று எழுதினால் அபராதம் வருமா? வராது. பணம் செலவாகிவிட்டது, இயந்திரம் வாங்கி மாட்டியாகிவிட்டது. அது பிறகு பழுதானதற்கு 135ஆம் பிரிவில் தண்டனை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு பராமரிப்புக்கு ஒரு தொகை ஒதுக்கினால் முடிந்தது. தேவையில்லாத பயத்தில் தேவையில்லாத பொய்யைச் சொல்லப் பார்க்கிறார் மனிதர்.

பொய்தான் ஆபத்து. சட்டப்படி தாக்கல் செய்யும் அறிக்கையிலோ சான்றிதழிலோ முக்கியமான ஒரு விவரத்தைப் பொய்யென்று தெரிந்தே சொல்வது 448ஆம் பிரிவில் வருகிறது. அதற்குத் தண்டனை மோசடிக்கான 447ஆம் பிரிவின்படி, அங்கே சிறை உண்டு. உங்கள் கையெழுத்து இருப்பது உள்ளலுவலகக் காகிதத்தில்தான், ஆண்டறிக்கையில் எம்.டி.யோ இயக்குநரோ, சி.எஸ்.ஆர். கமிட்டி தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடுவார். சரி. ஆனால் கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே போனது என்று சி.எஃப்.ஓ. சான்று தரவேண்டும் என்கிறது 2021 விதி. அவர் எதை வைத்துத் தருவார்? உங்கள் காகிதத்தை வைத்துத்தான். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் எம்.டி. கமிட்டியைக் காட்டுவார், கமிட்டி சி.எஃப்.ஓ.வைக் காட்டும், அவர் உங்கள் மேலாளரை, மேலாளர் உங்களை. அந்த வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பது ஒரு மென்பொருள். அதை யாரும் விசாரணைக்குக் கூப்பிடமாட்டார்கள். இந்த ஒரு கையெழுத்துக்காக உங்களைச் சிறைக்கு அனுப்புவார்கள் என்று நான் சொல்லவில்லை, நடைமுறையில் அது ரொம்பத் தூரம். பலிகடா ஆவது ரொம்பப் பக்கம்.

அதனால் 'கையெழுத்துப் போடமாட்டேன்' என்று முகத்துக்கு நேராக மோதாமல், போடக்கூடிய காகிதமாக அதை மாற்றுங்கள். மேலாளருக்கு ஒரு மெயில், நான்கே வரி: 'பன்னிரண்டில் பத்துப் பள்ளிகள் பற்றித் தொண்டு நிறுவனம் தந்த விவரத்தின் அடிப்படையில் ஒப்புதல் தருகிறேன். இரண்டு பள்ளிகளில் இயந்திரம் இயங்கவில்லை என்று தகவல் வந்திருக்கிறது, நேரில் பார்த்தபின் சேர்க்கலாம். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம், வண்டிக்கு அனுமதி வேண்டும். பழுதாக இருந்தால் சரிசெய்ய ஆகும் செலவை மதிப்பிட்டு அடுத்த பட்ஜெட்டில் சேர்க்கிறேன்.' இதில் குற்றச்சாட்டும் இல்லை, சவாலும் இல்லை. மறுத்தால் மறுப்பும் எழுத்தில் இருக்கும். வாய்மொழியாக 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்றால், அன்றைக்கே 'தாங்கள் சொன்னபடி' என்று ஒரு வரி பதில் மெயில் போட்டுவிடுங்கள். உங்கள் கம்பெனி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால் உள்ளே நடக்கும் தவறுகளைப் புகார் செய்வதற்கான விசில் புளோயர் ஏற்பாடு கட்டாயம் இருக்கும், அதன் விதிகளை ஒருமுறை வாசித்து வையுங்கள். உடனே அங்கே போகச் சொல்லவில்லை.

இன்னொன்று, 'தாக்க அறிக்கை சட்டப்படி கட்டாயம்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கட்டாயமில்லை. மூன்று ஆண்டு சராசரியில் 10 கோடியோ அதற்கு மேலோ கடமை உள்ள கம்பெனிகள்தான், அதுவும் 1 கோடி அல்லது அதற்கு மேல் செலவான திட்டங்களுக்கு, அது முடிந்து ஓராண்டுக்குப் பிறகு செய்யவேண்டும். அதையும் சுயேச்சையான வெளி ஏஜென்சிதான் செய்யவேண்டும், கம்பெனி தானே மென்பொருளில் போட்டு எடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. உங்கள் மேலாளர் தயாரிக்கச் சொல்வது ஒரு உள் மதிப்பீடு. கட்டாயமே இல்லாத ஒன்றில் போய் ஏன் பொய் சொல்லவேண்டும் என்று அவரிடம் கேட்க இது ஒரு நல்ல வாதம்.

ஏ.ஐ.க்கு ஏன் தெரியவில்லை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த இரண்டு பள்ளிக் கதைதான், ஆனால் அதை நீங்கள் பிரச்சினையாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மென்பொருளுக்கு என்ன கிடைத்தது? தொண்டு நிறுவனத்தின் பில், மாட்டிய அன்றைக்கு ரிப்பன் வெட்டிய போட்டோ, பள்ளியின் மாணவர் எண்ணிக்கை. மூன்றையும் வைத்து இத்தனை குழந்தைகள் பயன்பெற்றார்கள் என்று அழகாக எழுதிவிட்டது. நீங்களே கேட்டுச் சொன்னது என்ன? ஒரு பள்ளியில் இயந்திரத்தின் மெம்பிரேன் என்ற வடிகட்டியை மாற்றச் சில ஆயிரம் ஆகும், அதை யார் தருவது என்று தெரியாமல் தலைமையாசிரியர் அறையைப் பூட்டிவிட்டார். இன்னொன்றில் கழிவு நீர் கழிப்பறைப் பின்சுவர் ஓரமாகத் தேங்கிச் சேறானதால் பெற்றோர் சண்டைக்கு வந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டும் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆவணத்தில் இல்லாததை ஆவணத்தை மட்டும் படிக்கிற எதுவும் கண்டுபிடிக்காது, மனிதனாக இருந்தாலும் சரி. மூன்று வாரம் உட்கார்ந்து நீங்கள் எழுதிய பழைய அறிக்கைகளிலும் அலுவலகத்தை விட்டு நகராமல் எழுதியவை இருக்கும்தானே? அவற்றுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மாதிரி அறிக்கை எழுதுவதுதான் உங்கள் வேலை என்றால், மன்னிக்கவும், அந்த வேலை போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்படவும் மாட்டேன்.

மிச்சமிருப்பது, அந்த சத்துணவு அமைப்பாளர் ஏன் உங்களுக்குப் போன் செய்தார் என்பது. அவர் மென்பொருளுக்குப் போன் செய்யவில்லை, மேலாளருக்கும் செய்யவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் பேசினால் நடக்கும், எந்த ஊராட்சித் தலைவர் ஏரியைத் தூர்வாரச் சம்மதித்துவிட்டு மண்ணை யார் எடுப்பது என்பதில் இழுத்தடிப்பார், எந்தத் தொண்டு நிறுவனம் ஒரே போட்டோவை இரண்டு கம்பெனிக்கு அனுப்புகிறது, இதெல்லாம் 7 ஆண்டில் உங்கள் தலைக்குள் சேர்ந்த சரக்கு.

இந்த வேலைக்கு ஏ.ஐ.யை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஒரே படம், ஒரே பில் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று பிடிப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். குளம் தூர்வாரியதாகச் சொன்ன இடத்தில் நீர்ப்பரப்பு கூடியதா என்று செயற்கைக்கோள் படத்தை வைத்து ஆண்டுவாரியாக ஒப்பிடலாம். ஊர்க்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் குரல் பதிவுகளை எழுத்தாக்க, மத்திய அரசின் பாஷினி, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் போன்ற முயற்சிகளால் தமிழுக்கும் கருவிகள் வந்துவிட்டன. பேச்சுத் தமிழில் இன்னும் தடுமாறும், அதனால் ஒருமுறை காதால் கேட்டுச் சரிபாருங்கள். அறிக்கை எழுதுவதில் மிச்சமான அந்த இரண்டரை வாரத்தைக் கேட்டு வாங்குங்கள், ஃபீல்டுக்கு. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் 'அறிக்கை சொன்னதும் நேரில் பார்த்ததும்' என்று இரண்டு பத்தி போட்டு ஒரே ஒரு பக்கம் வையுங்கள். இயக்குநர்கள் பளபளப்பான அறிக்கை நிறையப் பார்த்தவர்கள், இதை அவர்கள் படிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்களைச் சுருக்க இலவச சாட்பாட்டில் ஏற்றுவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதில் பிள்ளைகளின் பெயர், போட்டோ, ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்குமே? இன்றைக்கே நிறுத்துங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள், பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும், இதை மீறினால் அபராதம் 200 கோடி வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கம்பெனியில் வேறு யாரும் இதை யோசித்திருக்க வாய்ப்பு குறைவு. பயனாளிகளின் தரவை எப்படிக் கையாள்வது என்று ஒரு இரண்டு பக்க நடைமுறையை நீங்களே எழுதி சட்டப் பிரிவுக்கு அனுப்பினால், அந்தப் பொறுப்பே உங்களிடம் வந்து சேரலாம்.

மூன்று கதவுகள்

டேட்டா சயின்ஸ் வேண்டாம். 2.5 லட்சம் கடனில் படித்து முடித்து வரும்போது 23 வயதுப் பொறியியல் பட்டதாரிகளோடு ஒரே வரிசையில் நிற்பீர்கள், அவர்கள் வேலையையே ஏ.ஐ. மென்றுகொண்டிருக்கிற நேரத்தில். உங்களுக்குத் தேவை எக்செல்லில் நல்ல பிடி, கோபோ போன்ற இலவசக் கருவியில் ஒரு சர்வே வடிவமைக்கத் தெரிவது, ஒரு தொண்டு நிறுவனத்தின் வரவு செலவு அறிக்கையைப் படித்து எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரிவது. கடைசியில் சொன்னதைப் பெரும்பாலான எம்.எஸ்.டபிள்யூ. காரர்கள் தொடவே மாட்டார்கள், அதுதான் உங்களைத் தனித்துக் காட்டும். முறையான சான்றிதழ் வேண்டுமென்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஐ.ஐ.சி.ஏ. சி.எஸ்.ஆர். படிப்புகள் நடத்துகிறது, அதைப் பாருங்கள், கட்டணத்தைக் கம்பெனியிடம் கேட்டும் பாருங்கள்.

இ.எஸ்.ஜி. நல்ல கதவுதான், ஆனால் உங்கள் வேலையின் அடுத்த படி அது என்று நினைத்துப் போகாதீர்கள். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும். அதில் 9 கோட்பாடுகள், சி.எஸ்.ஆர். வருவது எட்டாவதில், அதிலும் ஒரு பகுதியாக. மற்றதெல்லாம் மின்சார யூனிட், டீசல், தண்ணீர் மீட்டர், கழிவு எத்தனை டன், விபத்து எத்தனை. எண்களைச் சேகரித்துப் படிவத்தில் நிரப்புவதே அங்கே பாதி வேலை, அதை ஏ.ஐ. உங்கள் அறிக்கையை விட வேகமாக விழுங்கும். பயந்து ஓடிப்போய் அங்கே நிற்பதில் அர்த்தமில்லை. தொழிற்சாலையின் தண்ணீர், கழிவு விஷயங்களில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் மட்டும் போங்கள்.

என்.ஜி.ஓ. பற்றி: போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு. சம்பளம் பெரும்பாலும் குறையும், வேலை திட்டத்தின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கும், நிதி தரும் கம்பெனி கைவிரித்தால் உங்கள் நாற்காலியும் போகும். சேரும் முன் அந்த நிறுவனம் சி.எஸ்.ஆர். பணம் வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, வருமான வரிச் சட்டப் பதிவுகளான 12ஏ, 80ஜி மூன்றும் வைத்திருக்கிறதா, ஒரே கம்பெனியின் பணத்தை மட்டும் நம்பி ஓடுகிறதா என்று கேளுங்கள். நீங்கள் சொல்லாத நான்காவது கதவும் ஒன்று உண்டு, தாக்க மதிப்பீடு செய்யும் வெளி ஏஜென்சிகள். 10 கோடி விதியால் அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசவும், பேசியதை எண்ணாக மாற்றவும் இரண்டும் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. எனக்கென்னவோ உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்த இடம்தான் உங்களுக்குப் பொருத்தம் என்று பட்டது.

எங்கே போவதானாலும் அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது, பணி நியமன ஆணையில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பணிக்கொடை வேறு, 5 ஆண்டு தாண்டியதால் அது உங்கள் உரிமை, அவர்களாக அனுப்பினாலும் நீங்களாக விலகினாலும். கணக்கில் வரும் மாதச் சம்பளம் 30,000 என்று வைத்தால், 15 நாள் சம்பளத்தை 26 நாள் மாதத்துக்குக் கணக்கிட்டு 7 ஆண்டுக்குப் பெருக்கினால் சுமார் 1.21 லட்சம் வரும். வீட்டுக் கடன் தவணையோடு இதைச் சேர்த்து, வேலை இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த டேட்டா சயின்ஸ் கோர்ஸுக்கு முன்பணம் கட்டிவிட்டேன் என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்களே, ரசீதின் பின்பக்கத்தில் பணம் திரும்பக் கேட்பதற்கு எத்தனை நாள் அவகாசம் என்று இருக்கும், அதை முதலில் பாருங்கள்.